மலைப்பள்ளிகளுக்கு அறிவியலைக் கொண்டுபோக: கல்லூரித் துறைகளும் ஆய்வகங்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல் நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று பல கல்லூரித் துறைகள் நினைக்கின்றன. பெரும்பாலும் அது ஒருநாள் கண்காட்சியோடு நின்றுவிடுகிறது. ஒருநாள் நிகழ்ச்சியால் ஒரு பிள்ளைகூடக் கூடுதலாக அறிவியல் பட்டப்படிப்பில் சேர்வதில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு முடியும்வரை அதே பிள்ளைகளோடு கூட இருப்பதுதான் பலன் தருகிறது. கீழே உள்ள பதில்கள் அப்படிக் கூட இருக்க நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டவை.

இடஒதுக்கீடு இருக்கிறதே, இது எதற்கு?

இடஒதுக்கீடு வேலை செய்யத் தொடங்குவது விண்ணப்பம் போட்ட பிறகுதான். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எஸ்.சி. பிரிவுக்கு 18 சதவீதம் (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. பிரிவுக்கு 1 சதவீதம். மத்திய நிறுவனங்களில் முறையே 15, 7.5 சதவீதம். ஐசர் (மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) என்று ஒன்று இருப்பதே தெரியாத பிள்ளை அந்த 7.5 சதவீதத்துக்குள் வர வழியில்லை.

பிள்ளைகள் நான்கு இடங்களில் விடுபட்டுப் போகிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் அறிவியல் குரூப் எடுக்காமல் போவது முதலாவது. பல நேரம் பக்கத்துப் பள்ளியில் அந்த குரூப்பே இருக்காது. சாதிச் சான்றிதழ் நேரத்துக்குக் கைக்கு வராமல் போவது இரண்டாவது. எந்தக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று தெரியாமல் போவது மூன்றாவது. சேர்ந்தபின் முதல் ஆறு மாதத்துக்குள் ஊர் திரும்பிவிடுவது நான்காவது. உங்கள் திட்டம் இந்த நான்கையும் தொட வேண்டும். சோதனைகள் செய்து காட்டுவது முதல் இடத்துக்கு மட்டுமே உதவும்.

எந்த வகுப்பில் தொடங்கலாம்?

எட்டாம் வகுப்பில். ஒன்பதில் தொடங்கினாலும் பாதகமில்லை. பிளஸ் டூவில் தொடங்கினால் குரூப் முடிவாகிவிட்டிருக்கும். குரூப் எடுக்கும் முடிவு பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சில நாட்களில், கோடை விடுமுறையில், ஆசிரியர்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் எடுக்கப்படுகிறது. அந்த வாரத்தில் பிள்ளையும் வீட்டாரும் என்ன பேசுவார்கள் என்பதை அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள்தான் தீர்மானிக்கின்றன.

அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்?

இங்கேதான் நிறையப் பேர் ஒரு மாதத்தை வீணாக்குகிறார்கள். முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் பள்ளிக் கல்வித்துறையின் நிர்வாகத்தில் இல்லை. மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலருக்கு எழுத வேண்டும். பழங்குடியினர் நலத் திட்ட அலுவலர் தனியாக இருக்கும் மாவட்டங்களில் அவருக்கு எழுத வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல் போதும்.

கடிதத்துக்கு முன்பே தலைமை ஆசிரியரை நேரில் பார்த்துவிடுங்கள். மேலிருந்து உத்தரவாக வரும் நிகழ்ச்சிக்கும், தலைமை ஆசிரியர் தானே விரும்பி அழைக்கும் நிகழ்ச்சிக்கும் பள்ளி தரும் ஒத்துழைப்பு ஒன்றாக இருக்காது. கடிதத்தில் தேதிகள், நேரம், வருபவர்கள் அனைவரின் பெயர், கொண்டுவரும் வேதிப்பொருட்களின் பட்டியல் ஆகியவை இருக்கட்டும். குழுவில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, பள்ளி ஆசிரியர் ஒருவர் அறையில் இருப்பார் என்பதையும் எழுதிக் கொடுங்கள். போக்சோ சட்டம் பற்றிக் குழுவில் எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் மலையேற வேண்டும்.

எந்த மாதங்கள் ஏற்றவை?

ஜூலை, ஆகஸ்டு, அக்டோபர், ஜனவரி. ஜூனில் புத்தகம், சீருடை, சேர்க்கை என்று பள்ளி மூச்சுவிடாது. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. நவம்பரில் மழை, சில மலைச்சாலைகளில் மண்சரிவு. பிப்ரவரிக்குப் பிறகு பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

நீண்ட விடுமுறைக்கு அடுத்த நாள் போக வேண்டாம். வீட்டுக்குப் போன பிள்ளைகள் உறைவிடத்துக்கு முழுதாகத் திரும்ப மூன்று நான்கு நாளாகும்.

எத்தனை பிள்ளைகள், எத்தனை முறை?

ஓர் அமர்வுக்கு 40 பிள்ளைகள், ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழு, இரண்டு குழுவுக்கு ஒரு வழிகாட்டி, ஆக மூன்று மணி நேரம். ஆண்டுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் போக வேண்டும். நான்கு பள்ளிகளுக்கு ஒருமுறை போவதைவிட ஒரு பள்ளிக்கு நான்குமுறை போவது மேல். வழிகாட்டிகளில் பாதிப் பேராவது ஒவ்வொரு முறையும் அதே முகங்களாக இருக்கட்டும். மூன்றாவது முறை வரும்போதுதான் பிள்ளைகள் தாங்களாகக் கேள்வி கேட்பார்கள்.

பேனர், பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை எதுவும் வேண்டாம். மூன்று மணி நேரத்தில் நாற்பது நிமிடத்தை அது தின்றுவிடும்.

முதல் நாள் எந்தச் சோதனையில் தொடங்குவது?

பிள்ளைகள் தங்கள் கையால் அளந்து, தாங்களே ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கும் சோதனையில். நுரை பொங்குவதும் வெடிப்பதும் கைதட்டலோடு முடிந்துவிடும். மூன்றைப் பரிந்துரைக்கிறோம்.

*ஊசல்.* ஒரு குழுவுக்கு ஒன்றரை மீட்டர் நூல், ஒரு கல், ஒரு அளவுநாடா, நிறுத்துக் கடிகாரம் உள்ள ஒரு செல்பேசி. தொங்கும் இடத்திலிருந்து கல்லின் நடுவரை சரியாக 1 மீட்டர். 20 அலைவுகளுக்கு (ஒருமுறை போய்த் திரும்புவது ஒரு அலைவு) கிட்டத்தட்ட 40 நொடி ஆகும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஐ ஒட்டி வரும். இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். கல்லை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்குவார்கள். அப்போது உண்மையில் 19 அலைவுதான் நடந்திருக்கும், விடை 10.9-க்கு ஏறிவிடும். "சைபர்" என்று சொல்லி விடச் சொல்லுங்கள். மற்றது, கல்லின் மேல்முனைவரை மட்டும் அளப்பது. 4 செ.மீ. அகலக் கல் என்றால் நீளத்தில் 2 சதவீதம் குறையும். தவறான விடை வந்த குழுவை உடனே திருத்தாதீர்கள். எட்டுக் குழுவின் விடையையும் கரும்பலகையில் எழுதி, எது ஏன் விலகுகிறது என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். மொத்த அமர்வின் சாரமே அந்தப் பத்து நிமிடம்தான்.

*சூரியனின் அகலம்.* சிறிய முகக்கண்ணாடியின் மேல் 5 மி.மீ. துளையிட்ட கறுப்புத்தாளை ஒட்டி, வெயிலில் வைத்து, 20 மீட்டர் தள்ளி இருட்டான வகுப்பறைச் சுவரில் ஒளியை விழச் செய்யுங்கள். 18 முதல் 19 செ.மீ. வரை குறுக்களவுள்ள வட்டம் விழும். அது துளையின் வடிவமல்ல, சூரியனின் பிம்பம். தூரத்தைக் குறுக்களவால் வகுத்தால் ஏறக்குறைய 107. சூரியன் 15 கோடி கி.மீ. தொலைவில் இருப்பதாகச் சொல்லிவிட்டால், அதன் விட்டம் 14 லட்சம் கி.மீ. என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போட்டுவிடும். தூரம் குறைந்தாலோ துளை பெரிதானாலோ பிம்பத்தின் விளிம்பு மங்கிவிடும். கண்ணாடியைக் கையில் பிடித்தால் ஆடும். மணல் நிரப்பிய டப்பாவில் செருகி நிறுத்துங்கள். சூரியனையோ, கண்ணாடியில் தெரியும் சூரியனையோ யாரும் நேராகப் பார்க்கக் கூடாது. ஒரு வழிகாட்டி கண்ணாடி பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

*முளைப்புத்திறன்.* ஊரில் விளையும் சாமை அல்லது ராகி விதை 100 எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்து, முளைத்ததை எண்ணுவது. வீட்டுக்கு வீடு விதையைக் கொண்டுவரச் சொன்னால் ஒப்பிடுவதற்குக் கிடைக்கும். நீங்கள் போனபின்னும் வேலை தொடர்வதுதான் இதில் உள்ள நன்மை.

ஜவ்வாது மலைப் பகுதியில் ஆகஸ்டு 20-ஐ ஒட்டி நிழலில்லா நாள் வரும். செங்குத்தாக நட்ட குழாயின் நிழல் பகல் 12.15-க்கும் 12.20-க்கும் இடையே மறையும். மேகம் கெடுக்கலாம், எனவே அந்தத் தேதியை நம்பி மட்டும் பயணம் வைக்காதீர்கள்.

நுண்ணோக்கி கொண்டுபோகலாமா?

கட்டாயம். ஐந்து பேருக்கு ஒன்று வீதம் எட்டு. எல்.இ.டி. விளக்கு வைத்த புது மாதிரியைவிடக் கண்ணாடி வைத்த பழையது நல்லது, மின்சாரம் போனாலும் வேலை நடக்கும். வெங்காயத் தோல் காட்டப் பெரிய வெங்காயம் நான்கு, கண்ணாடிச் சில்லுகள் 100, மூடுசில்லு இரண்டு பெட்டி, வெளிர் பழுப்பாக நீர்த்த அயோடின் 50 மி.லி. போதும். தோலைத் தடிமனாக உரித்தால் ஒன்றும் தெரியாது. மூடுசில்லைச் சாய்த்து இறக்காமல் தட்டையாகப் போட்டால் காற்றுக்குமிழ் சிக்கும், அதையே செல் என்று வரைந்துவிடுவார்கள். எப்போதும் 10 மடங்கு லென்ஸில் தொடங்க வேண்டும். எடுத்தவுடன் 40-ஐத் திருப்பினால் சில்லு உடையும்.

ஒவ்வொரு பிள்ளையும் தானே ஒரு சில்லு தயாரிக்க வேண்டும். வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு ஐந்து நொடி எட்டிப் பார்க்கச் செய்வதில் பயனில்லை.

எந்த மொழியில் பேசுவது?

ஜவ்வாது, கல்வராயன், கொல்லி மலைகளில் வாழும் மலையாளி பழங்குடியினரின் வீட்டுமொழி தமிழ். கேரள மலையாளிகளோடு குழப்பிக்கொண்டு "மலையாளம் தெரியுமா" என்று கேட்பவர்கள் உண்டு, பிள்ளைகளுக்கு அது வலிக்கும். நீலகிரியின் இருளர், பணியர், தாளவாடிப் பக்கத்துச் சோளகர் ஆகியோரின் வீட்டுமொழிகள் வேறு. அங்கே தமிழே இரண்டாம் மொழி என்பதை மனதில் வையுங்கள்.

பாடநூலின் கலைச்சொல்லையே பயன்படுத்துங்கள். திசைவேகம், முடுக்கம், உந்தம் என்று படித்த பிள்ளையிடம் வந்து "வெலாசிட்டி" என்று பேசினால், தனக்குத் தெரிந்ததே தெரியாததாகிவிடும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதம் பத்துச் சொல் வீதம் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதவைத்தால், பிளஸ் டூ முடியும்போது சுமார் நானூறு சொல் கையில் இருக்கும். கல்லூரி முதல் பருவத்தில் பிள்ளைகளைத் தடுக்கி விழவைப்பது பெரும்பாலும் இயற்பியல் அல்ல, அந்தச் சொற்கள். அன்றாடப் பேச்சில் ஒன்றாகவும் பாடத்தில் வேறாகவும் இருக்கும் சொற்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்: நிறையும் எடையும், வெப்பமும் வெப்பநிலையும், வேலையும் திறனும்.

சாதி பற்றிப் பேசலாமா? எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளை மட்டும் தனியாக அழைக்கலாமா?

எல்லாப் பிரிவினரும் படிக்கும் அரசுப் பள்ளியில் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லியோ, பட்டியல் வாசித்தோ பிரிக்கவே கூடாது. முழு வகுப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதிலேயே உங்கள் நோக்கம் நிறைவேறிவிடும். சான்றிதழ், உதவித்தொகை பற்றிய பேச்சு அலுவலக அறையில், வீட்டாரோடு நடக்கட்டும்.

முன்மாதிரி ஆளுமைகளைக் காட்ட வேண்டுமா?

பெரிய விஞ்ஞானிகளின் படத்தைவிட, அதே மலையிலிருந்து நர்சிங் முடித்தவர், வேளாண்மை படித்தவர், பி.எஸ்சி. இரண்டாமாண்டு படிப்பவர் பேசினால் வேலை நடக்கும். எந்த விடுதியில் தங்கினார், சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்று பிள்ளைகள் அவரிடம்தான் கேட்பார்கள். அவருக்குப் பயணச் செலவும் ஒருநாள் ஊதியமும் கொடுங்கள்.

இடங்களும் முன்மாதிரியாகும். ஜவ்வாது மலையிலேயே காவலூரில் வேணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. 1977-இல் யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று காட்டிய நோக்கல்களில் காவலூரில் எடுத்ததும் ஒன்று. தங்கள் மலையிலிருந்து அது பார்க்கப்பட்டது என்பதை அந்த மலைப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். எழுத்தில் முன்அனுமதி பெற்று அழைத்துப் போங்கள்.

சான்றிதழ் வேலையில் அறிவியல் துறை ஏன் தலையிட வேண்டும்?

ஏனென்றால் திட்டம் தோற்பது அடிக்கடி இங்கேதான். எஸ்.சி. சான்றிதழை வட்டாட்சியர் தருவார். எஸ்.டி. சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர முடியும். விசாரணை, கள ஆய்வு என்று மாதங்கள் ஓடும். ஒன்பதாம் வகுப்பிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கவைத்து, ஒப்புகை எண்ணைப் பள்ளியில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பெற்றோருக்கோ அண்ணன் அக்காவுக்கோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அதன் நகலை இணைப்பது விசாரணைக்கு உதவும்.

மாவட்டம் மாறினால் நிலையும் மாறும். மலையாளி சமூகம் சேலம், தருமபுரி, திருச்சி, புதுக்கோட்டை, பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களுக்கு மட்டுமே எஸ்.டி. பட்டியலில் உள்ளது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே சமூகத்துப் பிள்ளைகளுக்கு அது கிடைப்பதில்லை. அவர்களிடம் எஸ்.டி. இடம் பற்றிப் பேசி ஏமாற்றம் தராதீர்கள். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 முதல் எஸ்.டி. பட்டியலில் உள்ளன. பழைய எம்.பி.சி. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்க வேண்டும்.

ஆதார், பள்ளிப் பதிவேடு, சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று எட்டாம் வகுப்பிலேயே பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று அச்சானபின் திருத்துவது பெரும்பாடு.

எந்த உதவித்தொகைகளைச் சொல்ல வேண்டும்?

எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். (தேசிய வருவாய்வழி மற்றும் திறன் உதவித்தொகை) தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் அரசே தங்குமிடமும் உணவும் கல்வியும் தரும் உறைவிடப் பள்ளி மாணவர்களுக்கு அந்தத் திட்ட விதிகள் இடம் தரவில்லை. உறைவிடத்தில் தங்காமல் வீட்டிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்து போகும் பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி கொடுக்க வேண்டும். மாணவர்களின் புத்தாக்க எண்ணங்களை ஊக்குவிக்கும் மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் ஒரு பள்ளியிலிருந்து ஐந்து எண்ணங்களை அனுப்பலாம். தேர்வானால் 10,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கு வரும்.

பிளஸ் டூவுக்குப் பின் கல்லூரிப் படிப்புக்கு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். பணம் வராமல் போவதற்கு முக்கியக் காரணம், ஆதார் வேறொரு பழைய வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பது. ஆதாரை இணைத்திருக்கும் கணக்கு எது என்று வங்கியில் கேட்டு உறுதிசெய்யாமல் விண்ணப்பம் போடாதீர்கள்.

நன்றாகப் படிக்கும் பிள்ளையை நகரத்துத் தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாமா? கட்டணம் கட்ட ஆள் இருக்கிறது.

வேண்டாம். ஒன்பதில் தனியார் பள்ளிக்கு மாறினால், மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு போய்விடும். நலத்துறைப் பள்ளிகளும் அந்தச் சட்டத்தில் அரசுப் பள்ளிகளாகவே கணக்கு. நல்ல மனத்தோடு செய்யப்பட்டு, நான்கு ஆண்டு கழித்துத் தெரியவரும் இழப்பு இது. அந்தப் பணத்தில் அதே பள்ளிக்கு ஒரு கணக்கு ஆசிரியரை வார இறுதிக்கு அமர்த்துங்கள், நாற்பது பிள்ளைகளுக்கும் பயன்படும்.

பெற்றோரை எப்படிச் சந்திப்பது?

பள்ளிக்கு வரச்சொல்லாதீர்கள், ஒருநாள் கூலி போகும். காப்பி, மிளகுத் தோட்ட வேலைக்கு வெளியூர் போகும் மாதங்களில் வீட்டில் பாட்டி தாத்தாதான் இருப்பார்கள். பொங்கலுக்கும் ஊர்த்திருவிழாவுக்கும் எல்லோரும் திரும்பியிருப்பார்கள், அப்போது ஆசிரியரோடு ஊருக்குள் போங்கள். அவர்கள் கேட்பது மூன்று கேள்வி: எங்கே தங்கும், எவ்வளவு செலவு, படித்து முடித்து என்ன வேலை. விடுதியின் பெயர், மாதச்செலவு, வேலைகளின் பெயர் என்று திட்டவட்டமாகப் பதில் வைத்திருங்கள். ஆராய்ச்சிக்குப் போனால் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்பதையும், எஸ்.டி. மாணவர்களுக்கென மத்தியப் பழங்குடியினர் அமைச்சகம் ஆண்டுக்கு 750 ஆய்வு உதவித்தொகை தருவதையும் சொல்லுங்கள். பி.எச்டி. படிப்பவருக்குச் சம்பளம்போல ஒரு தொகை வரும் என்பது பல வீடுகளுக்குப் புதுச் செய்தி.

விண்ணப்பிக்கும் காலத்தில் என்ன செய்ய வேண்டும்?

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய்தான். மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் அடிவார ஊர் ஒன்றில் ஒரு மையத்தை வாடகைக்கு எடுத்து, மடிக்கணினியும் ஸ்கேனரும் வைத்து இரண்டு நாள் உட்காருங்கள்.

ஐசர் நுழைவுத்தேர்வுக்கான விண்ணப்பம் பொதுத்தேர்வு ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். மூன்று மணி நேரம், நான்கு பாடத்திலிருந்தும் 15 வீதம் 60 கேள்வி, தவறுக்கு ஒரு மதிப்பெண் கழிவு. பிளஸ் டூவில் எஸ்.சி., எஸ்.டி.க்கு 55 சதவீதம் போதும். எல்லோரையும் இதற்குத் தள்ளாதீர்கள். விரும்பும் மூன்று நான்கு பேருக்கு பிளஸ் ஒன்னிலிருந்தே வாரம் இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

கல்லூரியில் சேர்ந்துவிட்டால் நம் வேலை முடிந்ததா?

ஜூலை முதல் டிசம்பர் வரைதான் ஆபத்தான காலம். விடுதி இடம் தாமதமாகும், உதவித்தொகை இன்னும் வந்திருக்காது, வகுப்பில் ஆங்கிலம், முதல் உள்தேர்வில் ஒற்றை இலக்க மதிப்பெண். அந்த வாரத்தில்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். ஒவ்வொருவருக்கும் அதே கல்லூரியில் ஒரு மூத்த மாணவரைத் துணையாக வையுங்கள். வாரம் ஒருமுறை நேரில் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கட்டும். உதவித்தொகை வரும்வரை உணவுக்கும் பேருந்துக்கும் மூன்று மாதச் செலவை முன்பணமாகக் கொடுக்க ஒரு சிறு நிதி வேண்டும். எங்கள் கருத்தில், மொத்த வரவுசெலவில் நான்கில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவதே சரி.

அறிக்கையில் எதை எழுதுவது?

"500 மாணவர்கள் பயனடைந்தனர்" என்று எழுதாதீர்கள். எட்டாம் வகுப்பில் நீங்கள் சந்தித்த 40 பேரின் பட்டியலை எடுத்து ஐந்து எண்களை எழுதுங்கள்: எத்தனை பேர் பத்து முடித்தார்கள், எத்தனை பேர் அறிவியல் குரூப் எடுத்தார்கள், எத்தனை பேரிடம் பிளஸ் டூ ஜூனில் எல்லாச் சான்றிதழும் இருந்தது, எத்தனை பேர் அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இரண்டாமாண்டுக்கு வந்தார்கள். எந்த எண்ணில் சரிவு பெரிதோ, அடுத்த ஆண்டு பணமும் ஆட்களும் அங்கே போகட்டும். பெயர்ப் பட்டியல் பள்ளியிலும் உங்கள் பூட்டிய அலமாரியிலும் மட்டும் இருக்க வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை அறிக்கையில் போட வேண்டாம். ஊசல் கட்டும் கைகளின் படம் போதும்.